19 இல் போட்டது, 23 இல் சேர்ந்தது: எந்தத் திகதி செல்லும்?

கேள்வி

சுன்னாகத்தில் மிளகாய், அரிசி அரைக்கும் ஆலை நடத்துகிறேன். பாவித்த 40 கேவிஏ ஜெனரேற்றர் ஒன்றை 18 இலட்சம் ரூபாவுக்குத் தருவதாகக் கொழும்பு வியாபாரி ஒருவர் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதியிருந்தார். "இம்மாதம் 20 ஆம் திகதிக்குள் தங்கள் சம்மதத்தை எழுத்தில் அறியத் தரவும்" என்பது கடைசி வரி. சம்மதக் கடிதத்தை 18 ஆம் திகதி வீட்டுக்கு வந்த தபால்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவர் மறுநாள் 19 இல் பதிவுத் தபாலில் போட்டுப் பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து தந்தார். கடிதம் 23 இல்தான் போய்ச் சேர்ந்ததாம். 21 இலேயே வேறொருவருக்கு விற்றாயிற்று என்கிறார்கள்.

இரண்டாவது, வேறு மாவட்டத்திலுள்ள எங்கள் பாதைத் தகராறு வழக்கு. போன மாதம் 2 ஆம் திகதி திங்கட்கிழமை தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தது. மேன்முறையீட்டு அறிவித்தலை நானே எழுதி, 17 ஆம் திகதி செவ்வாய் பதிவுத் தபாலில் நீதிமன்றத்துக்கு அனுப்பினேன். 23 ஆம் திகதி திங்கள் கிடைத்ததாகவும் காலம் கடந்துவிட்டதாகவும் சொல்லி ஏற்கவில்லை. அமெரிக்காவிலுள்ள மருமகன், தபால் முத்திரையில் உள்ள திகதிதான் கணக்கு என்கிறார். உண்மையா?

மூன்றாவது, கனடாவிலுள்ள தமையன் இணுவிலில் தன் பங்கு நாலு பரப்புக் காணியை எனக்கே தருவதாக வட்ஸ்அப்பில் எழுதினார். நானும் "சம்மதம்" என்று பதில் போட்டு 5 இலட்சம் முற்பணமும் அனுப்பினேன். இப்போது வெளி ஆளுக்கு எழுதப் போகிறாராம். மறிக்க முடியுமா?

பதில்

தபாலில் போட்ட நேரம் உங்கள் முதலாவது கேள்வியில் கைகொடுக்கக்கூடும். ஆனால் ஒரு சொல் குறுக்கே நிற்கிறது. இரண்டாவதில் அது உதவாது. மூன்றாவதில் தபால், வட்ஸ்அப் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் அங்கேதான் உங்கள் கை பலமாக இருக்கலாம்.

ஜெனரேற்றரில் தொடங்குவோம். விலை சொல்பவர் கொழும்பில், சம்மதம் சொல்பவர் சுன்னாகத்தில் என்றால் ஒப்பந்தம் எந்தக் கணத்தில் உண்டாகிறது? பொதுவாக, சம்மதம் மற்றவருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அது சம்மதம். தபாலுக்கு மட்டும் சட்டம் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. சரியான முகவரியும் உரிய முத்திரையும் உள்ள சம்மதக் கடிதம் தபாலில் சேர்ந்த கணமே ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. கடிதம் பிந்தினாலும் சரி, வழியில் தொலைந்தே போனாலும் சரி.

இந்த விதியின் மூலம் 1818 இல் தீர்க்கப்பட்ட அடம்ஸ் எதிர் லின்ட்செல் என்ற இங்கிலாந்து வழக்கு. 1817 செப்ரெம்பர் 2 இல் கம்பளி வியாபாரிகள், "தபால் போய்வரும் நேரத்துக்குள் பதில் தேவை" என்று விலை எழுதினார்கள். முகவரியைப் பிழையாக எழுதியதால் கடிதம் வேறு ஊருக்குப் போய், 5 ஆம் திகதி மாலைதான் உரியவர் கைக்குக் கிடைத்தது. அவர் அன்று மாலையே சம்மதம் எழுதித் தபாலில் போட்டார். விற்பவர்கள் பதிலைக் காணவில்லையென்று 8 ஆம் திகதி சரக்கை வேறொருவருக்கு விற்றார்கள். சம்மதம் 9 ஆம் திகதி வந்தது. 5 ஆம் திகதியே ஒப்பந்தம் உண்டாகிவிட்டது என்று நீதிமன்றம் சொன்னது. 1879 இல் ஒரு காப்புறுதிக் கம்பனி வழக்கு இன்னும் ஒரு படி மேலே போனது. பங்குகள் ஒதுக்கிய கடிதம் உரியவருக்குக் கிடைக்கவே இல்லை. ஆனாலும் அவர் பங்குக்காரர்தான், பணம் கட்ட வேண்டும் என்று தீர்ந்தது.

இங்கிலாந்துத் தீர்ப்பு இங்கே ஏன் வருகிறது என்று கேட்பீர்கள். பொருள் விற்பனைக்கு நமது சட்டம் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். அது இங்கிலாந்துச் சட்டத்தைத் தழுவியது. மற்ற ஒப்பந்தங்களுக்கு நாங்கள் பின்பற்றும் ரோமன் டச்சுச் சட்டத்தை எடுத்தாலும், அதே சட்டத்தின் கீழ் இயங்கும் தென்னாபிரிக்காவின் கேப் மாகாண நீதிமன்றம் 1921 இல் தபாலில் போட்ட கணத்தையே ஏற்றுக்கொண்டது. எந்த வழியால் போனாலும் வந்து சேரும் இடம் ஒன்றுதான்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருவோம். முதல் சிக்கல் 18 ஆம் திகதி. தபால்காரர் கையில் கொடுத்தது தபாலில் போட்டதாகுமா? 1900 இல் லண்டனில் இதே கேள்வி வந்தது. கடிதம் ஏற்க அதிகாரமில்லாத தபால்காரரிடம் கொடுத்தால் அது தபாலில் போட்டதாகாது என்று முடிவானது. ஆகவே 18 ஐ மறந்துவிடுங்கள். பற்றுச்சீட்டில் உள்ள 19 தான் உங்கள் திகதி. நல்லவேளை, அதுவும் 20 க்குள் வருகிறது. "20 ஆம் திகதிக்கு முன்" என்று எழுதியிருந்தால் 19 நள்ளிரவோடு முடிந்திருக்கும். "20 ஆம் திகதிக்குள்" என்றதால் 20 உம் உங்களுக்குரிய நாள்.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது: "அறியத் தரவும்". கடிதம் எழுதும்போது நாங்கள் கை பழக்கத்தில் போடும் சொல் இது. ஆனால் வழக்கு என்று வந்தால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இந்தச் சொல்லிலேயே காலூன்றி நிற்பார். தபால் விதி எல்லாக் கடிதத்துக்கும் கட்டாயமான விதி அல்ல. விலை சொன்னவர், "சம்மதம் எனக்குத் தெரிய வேண்டும், என் கைக்கு வர வேண்டும்" என்று கேட்டிருந்தால் போட்ட திகதி செல்லாது, சேர்ந்த திகதிதான் செல்லும். 1974 இல் தீர்ந்த ஹோல்வெல் செக்கியூரிற்றீஸ் எதிர் ஹியூஸ் வழக்கில், ஒரு வீட்டை வாங்கும் தெரிவுரிமையை (விரும்பினால் வாங்கலாம் என்ற உரிமையை) ஆறு மாதத்துக்குள் "விற்பவருக்கு எழுத்தில் அறிவித்தல்" கொடுத்துப் பயன்படுத்தலாம் என்று இருந்தது. வாங்குபவர் காலத்துக்குள் கடிதத்தைத் தபாலில் போட்டார், அது போய்ச் சேரவில்லை. அறிவித்தல் என்ற சொல்லே அறிவிக்கப்பட வேண்டும் என்பதைக் காட்டுகிறது, ஆகவே ஒப்பந்தம் இல்லை என்றது நீதிமன்றம். உங்கள் "எழுத்தில் அறியத் தரவும்" அதற்கு மிகக் கிட்டிய சொல். "20 க்குள் பதில் எழுதவும்" என்றோ "தபாலில் பதில் அனுப்பவும்" என்றோ இருந்திருந்தால் நான் துணிந்து உங்கள் பக்கம் நிற்பேன்.

மறுபக்கத்திலும் சொல்ல உண்டு. "அறியத் தரவும்" என்பது எங்கள் கடிதத் தமிழில் "பதில் போடுங்கள்" என்பதற்கு மேல் பொருளில்லாத மரியாதைச் சொல், அவரே தபாலில் எழுதியவர், தபாலில் பதில் வரும் என்று எதிர்பார்த்தவர் என்று வாதாடலாம். ஆனால் தராசு வியாபாரி பக்கமே சற்றுச் சாய்கிறது என்பது என் கணிப்பு.

உங்கள் வாதம் வென்றால் ஒரு பக்க நன்மையும் உண்டு. தபாலில் போட்ட இடத்தில்தான் ஒப்பந்தம் உண்டானது என்பதால், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 9 ஆம் பிரிவின்படி உங்கள் பகுதி நீதிமன்றத்திலேயே வழக்கைத் தொடுக்க இடம் கிடைக்கும். கொழும்புக்கு அலையத் தேவையில்லை. விற்பனை ஒப்பந்தத்துக்கு எதிராளி கையெழுத்திட்ட எழுத்தோ, கொடுத்த முற்பணமோ, ஏற்றுக்கொண்ட பொருளோ வேண்டும் என்று 1896 சட்டம் கேட்கிறது. அவர் கையெழுத்திட்ட கடிதம் உங்களிடம் இருப்பதால் அந்தத் தடையையும் தாண்டலாம்.

ஆனால் வழக்குப் போட முன் கணக்குப் பாருங்கள். ஜெனரேற்றர் போய்விட்டது, இனி நட்டஈடுதான். நட்டஈடு என்பது நீங்கள் பேசிய விலைக்கும் அதே தரத்தில் வேறொன்றை வாங்கச் செல்லும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம். அதே நிலையில் உள்ள இன்னொன்று 21 இலட்சம் என்றால் மூன்று இலட்சம். 18 க்கே கிடைக்கும் என்றால் வென்றும் கைக்கு ஒன்றும் வராது. இரண்டு மூன்று இடத்தில் எழுத்தில் விலை எடுத்து வையுங்கள். பிறகு வழக்கைப் பற்றிப் பேசுவோம்.

தபால் விதி சம்மதக் கடிதத்துக்கு மட்டுமே. விலையை மீளப் பெறும் கடிதம் சேர்ந்த பிறகுதான் செல்லும். 1880 இல் தீர்ந்த பைர்ண் எதிர் வன் ரீன்ஹோவன் வழக்கு அதற்குச் சாட்சி: கார்டிவ்விலிருந்து நியூயோர்க்குக்கு ஒக்ரோபர் 1 இல் விலை எழுதினார்கள், 8 இல் மீளப் பெறும் கடிதம் போட்டார்கள். நியூயோர்க்கில் உள்ளவர் 11 ஆம் திகதி தந்தியில் சம்மதம் அனுப்பினார். மீளப் பெறும் கடிதம் 20 ஆம் திகதிதான் அவர் கைக்குப் போனது. ஒப்பந்தம் நின்றது. உங்கள் வியாபாரியும் 20 க்கு முன் மனம் மாறியிருந்தால் கடிதத்தைப் போட்டுவிட்டு இருக்க முடியாது. உங்களுக்குத் தெரியப்படுத்தியே ஆகவேண்டும்.

உண்மையில் 20 ஆம் திகதி மாலை ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திராது. தொலைபேசி, ரெலெக்ஸ் போல உடனடியாகப் போய்ச் சேரும் வழிகளில் கிடைத்த கணமே கணக்கு என்பது 1955 இலிருந்து நிலைத்த விதி. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும் 2017 ஆம் ஆண்டின் திருத்தமும் இதைத் துல்லியமாக்கியுள்ளன. அவர் கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்குச் செய்தி போய், அவர் எடுத்துப் பார்க்கக்கூடிய நிலைக்கு வந்த நேரமே கிடைத்த நேரம். அவர் திறந்து வாசித்தாரா என்பது வேறு கதை. ஆகவே வட்ஸ்அப்பில் நீலக்கோடு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அவருடைய கடிதத் தலைப்பில் அச்சிட்டுள்ள முகவரிக்கே அனுப்புங்கள். மகனின் பேஸ்புக்குக்கு அனுப்பிப் பயனில்லை. கடிதத்தையும் பதிவுத் தபாலில் போடுங்கள், அதே நாளில் அதன் படத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், தொலைபேசியிலும் சொல்லுங்கள்.

தபாலில் போடுவதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. தபாலகக் கருமபீடத்தில் நீங்களே கொடுங்கள். பற்றுச்சீட்டில் திகதி முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா, முகவரி முழுமையாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வெயிலில் மங்கும் தாள் என்றால் அன்றே படமெடுத்து வையுங்கள். பதிவுத் தபால் பற்றுச்சீட்டு ஓர் உறை போனதைத்தான் காட்டும். உள்ளே என்ன இருந்தது என்று அது சொல்லாது. உள்ளே வெறுந்தாள் இருந்தது என்று சத்தியம் செய்பவர்களும் உண்டு. அதனால் ஓர் உறையில் ஒரு கடிதம், கடிதத்தின் தலைப்பில் "பதிவுத் தபால்" என்ற குறிப்பு, கையெழுத்திட்ட பிரதியில் பற்றுச்சீட்டை ஊசியால் குத்தி வைத்தல் என்ற மூன்றையும் பழக்கமாக்குங்கள். உறை மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தால் திறக்கவே வேண்டாம். நீதிமன்றத்தில் முத்திரையோடு திறப்பதற்குத்தான் அதன் பெறுமதி. சரியாகப் போட்ட கடிதம் திரும்பி வராவிட்டால் சேர்ந்திருக்கும் என்று ஊகிக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அது ஊகந்தான், மறுத்து நிரூபிக்கலாம். நெடுந்தீவு போல படகில் தபால் போகும் இடங்களுக்கு இன்னும் சில நாட்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். கடல் கொந்தளித்தால் குறிகட்டுவானிலேயே கிடக்கும்.

கூரியர் தபாலாகாது. கூரியரிடம் கொடுத்த நேரத்தைச் சம்மதம் செய்த நேரமாக நம்பாதீர்கள். அவர்கள் ஒப்படைத்த நேரத்தையே கணக்கில் எடுங்கள்.

இனி மேன்முறையீடு. மருமகன் சொல்வது அவர் இருக்கும் நாட்டில் வருமான வரிப் படிவத்துக்குச் சரி; அங்கே தபால் முத்திரைத் திகதியையே ஒப்படைத்த திகதியாகக் கொள்ள வரிச் சட்டத்தில் தனி ஏற்பாடு உண்டு. சிறையிலிருப்பவர் மேன்முறையீட்டைச் சிறை அதிகாரியிடம் கொடுத்தாலே தாக்கல் செய்ததாகும் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1988 இல் சொன்னதும் உண்மை. ஆனால் மற்றவர்களின் மேன்முறையீட்டு அறிவித்தல் அங்கேயும் நீதிமன்றக் கந்தோருக்கு வந்து சேர வேண்டும். அந்த விலக்குகளை இங்கே கொண்டுவர முடியாது.

நமது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 754 ஆம் பிரிவு, மேன்முறையீட்டு அறிவித்தலைத் தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே 14 நாளுக்குள் "முன்னிலைப்படுத்த" வேண்டும் என்கிறது. அனுப்புவது முன்னிலைப்படுத்துவதாகாது. பதிவாளர் கந்தோரில் ஒருவர் வாங்கித் திகதி முத்திரை குத்தும் கணமே தாக்கல். தீர்ப்பு அறிவித்த நாள், அறிவித்தலை முன்னிலைப்படுத்தும் நாள், ஞாயிறுகள், பொது விடுமுறைகள் இந்த 14 இல் சேராது. சனி சேரும். சனியில் கந்தோர் பூட்டியிருப்பதால் அதையும் கழிக்கலாம் என்று நினைப்பதுதான் அதிகமாக நடக்கும் பிழை.

உங்கள் கணக்கு இது. 2 ஆம் திகதி திங்கள் தீர்ப்பு, அதை விடுங்கள். 3 முதல் 7 ஆம் திகதி சனிவரை ஐந்து நாள். 8 ஞாயிறு, விடுங்கள். 9 திங்கள் ஆறு, 10 செவ்வாய் ஏழு. 11 ஆம் திகதி புதன் போயா என்று வைத்துக்கொண்டால் அதுவும் கழியும். 12 எட்டு, 13 ஒன்பது, 14 சனி பத்து. 15 ஞாயிறு. 16, 17, 18, 19 உடன் பதினான்கு முடியும். முன்னிலைப்படுத்தும் நாளும் கழிவதால் 20 ஆம் திகதி வெள்ளி கொடுத்திருந்தாலும் செல்லும் என்று வாதாடலாம். ஆனால் அந்தக் கடைசி நாளில் வாழ்க்கையை வைக்காதீர்கள். இந்த நாட்களுக்குள் போயா விழவில்லை என்றால் ஒரு நாள் முந்தி முடியும். எப்படிக் கணக்குப் பார்த்தாலும் 23 வெளியே போய்விட்டது. 17 இல் தபாலில் போட்ட அன்றே பஸ் ஏறியிருந்தால் அது காலத்துக்குள்.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. அறிவித்தலின் பிரதியை எதிராளிக்குக் கொடுத்ததற்கு ஆதாரமாக 755 ஆம் பிரிவு கேட்பது, அவர் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுத்தது அல்லது பதிவுத் தபால் பற்றுச்சீட்டு. எதிராளிக்குப் பற்றுச்சீட்டே போதும், நீதிமன்றத்துக்குப் போதாது. இந்த ஏற்பாட்டைப் பாதி கேட்டவர்கள்தான் "பதிவுத் தபாலில் போட்டால் சரி" என்று சொல்லித் திரிகிறார்கள். கூரியர்ச் சீட்டு இந்த இடத்திலும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டாகாது.

அறிவித்தலோடு எதிராளியின் செலவுக்கான பிணையும் போக வேண்டும். அதைவிட, உங்கள் சட்டத்தரணியின் புரொக்ஸி (உங்களுக்காக வழக்கை நடத்த நீங்கள் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) இன்னும் வழக்குக் கோவையில் இருந்தால் நீங்களே கையெழுத்திட்ட அறிவித்தல் செல்லாது. பதிவுசெய்த சட்டத்தரணிதான் கையெழுத்திட வேண்டும். காலத்துக்குள் போயிருந்தாலும் அது அந்த இடத்தில் தட்டுப்பட்டிருக்கும். பலர் தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதி கைக்கு வரும்வரை காத்திருக்கிறார்கள். நாள் ஓடத் தொடங்குவது தீர்ப்பு வாசித்த நாளிலிருந்து. 60 நாளுக்குள் போட வேண்டிய மேன்முறையீட்டு மனுவுக்கும் அதே திகதிதான் தொடக்கம், அறிவித்தல் கொடுத்த திகதி அல்ல. அந்த அறுபதில் ஞாயிறும் போயாவும் சேரும். கடைசி நாளில் கந்தோர் மூடியிருந்தால் அடுத்து திறக்கும் நாளில் கொடுக்கப் பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தின் 8 ஆம் பிரிவு இடம் தருகிறது. அதை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என்ன செய்யலாம்? படிவத்திலோ இணைப்பிலோ நடந்த தவறை மன்னிக்க 759 ஆம் பிரிவு மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது, ஆனால் காலக்கெடுவைத் தவறியதை அந்தப் பிரிவே விலக்கிவிட்டது. உங்களுக்குள்ள கதவு 765 ஆம் பிரிவு: காலம் கடந்தாலும் மேன்முறையீட்டை ஏற்கும்படி மேன்முறையீட்டு அதிகாரமுள்ள நீதிமன்றத்தைக் கேட்கலாம். உங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் தவறியது, மேன்முறையீட்டுக்கு நல்ல காரணம் இருக்கிறது, தீர்ப்புக்குப் பிறகு எதிராளிக்கு அநீதியாகும்படி எதுவும் நடந்துவிடவில்லை என்று மூன்றையும் காட்ட வேண்டும். தபால் பிந்தியது உங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டதுதான். ஆனால் "ஏன் தபாலை நம்பினீர்கள்? ஏன் ஆளை அனுப்பவில்லை?" என்றுதான் முதல் கேள்வி வரும். நீங்கள் ஆசுப்பத்திரியில் கிடந்தீர்கள், பாதை வெள்ளத்தில் மூடிக் கிடந்தது என்பது போன்ற காரணம் இருந்தால் ஆதாரத்தோடு சத்தியக் கடதாசியில் வரட்டும். இல்லையென்றால் மீளாய்வு மனு இருக்கிறது. அதற்கு விதிவிலக்கான சூழ்நிலை வேண்டும். இரண்டிலும் தாமதம் உங்களுக்கு எதிராகவே எண்ணப்படும். இந்த வாரமே சட்டத்தரணியைக் காணுங்கள்.

ஆலைக்காரர் என்பதால் இன்னும் சில கடிதங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கடன் கொப்பியில் உள்ள பொருள் கடனுக்குக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தில் ஒரு வருடந்தான் காலம். சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் அந்த வருடத்தை ஒரு நாள்கூட நீட்டாது. முறைப்பாட்டை நீதிமன்றத்தில் கொடுத்தால்தான் கடிகாரம் நிற்கும். பதினோராம் மாதத்தில் கடிதம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து கடனை இழந்தவர்கள் நிறைய. எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம் உண்டு.

வாடகைக்காரருக்கு ஒரு மாத அறிவித்தல் கொடுப்பதென்றால், அந்த மாதம் தொடங்க முன் அது அவர் கையில் இருக்க வேண்டும். 30 இல் போட்டு 2 இல் சேர்ந்தால் அந்த மாதத்துக்குச் செல்லாது. ஒரு மாத வாடகையோடு வழக்கும் பின்போகும். வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட வீடு என்றால் அறிவித்தல் காலமே வேறு, காரணத்தைப் பொறுத்து நீளும். அரச அதிகாரி உத்தியோக முறையில் செய்ததற்கு எதிராக வழக்கென்றால் அதே நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 461 ஆம் பிரிவு ஒரு மாத அறிவித்தல் கேட்கிறது, அது ஒப்படைக்கப்பட்டு அல்லது கந்தோரில் விடப்பட்டு ஒரு மாதம் கழியும்வரை வழக்குப் போட முடியாது. போட்ட திகதியிலிருந்து எண்ணி வழக்கை முந்திப் போட்டால் அதற்காகவே தள்ளுபடியாகலாம். வேலை நிறுத்தப்பட்ட தொழிலாளி தொழில் நியாயசபைக்குப் போக ஆறு மாதம். அதையும் சேரும் திகதியாகவே வைத்துத் திட்டமிடுங்கள். கேள்விப்பத்திரம் என்றால் பெட்டி மூடும் நேரந்தான். பிந்திவந்த உறையைத் திறக்காமலே திருப்பி அனுப்புவார்கள். மறுபுறமாக, நீதிமன்ற அழைப்பாணை பதிவுத் தபாலில்தான் வழக்கமாக வரும். தபால்காரரிடம் வாங்க மறுத்தால் தப்பலாம் என்று நினைப்பவர்கள், அடுத்து பிஸ்கால் (அழைப்பாணையை நேரில் கொண்டுவரும் நீதிமன்ற அலுவலர்) வருவார், பிறகு கதவில் ஒட்டுவார்கள் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

கடைசியாக இணுவில் காணி. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2 ஆம் பிரிவின்படி, காணியை விற்பதோ விற்க உடன்படுவதோ நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்தின் முன் அது வெறும் பேச்சு. கடிதம் எப்போது போட்டது, வட்ஸ்அப் எப்போது சேர்ந்தது என்ற கேள்விகளே எழாது. 2006 ஆம் ஆண்டு இலத்திரனியல் சட்டமும் காணி விற்பனை, அற்றோர்னித் தத்துவம் (தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்), மரணசாசனம் ஆகியவற்றைத் தன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. உங்கள் "சம்மதம்" என்ற செய்தியை வைத்துத் தமையனை எழுதித் தரச் சொல்ல முடியாது. 5 இலட்சத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதற்கு மூன்று வருடக் காலம். வங்கிப் பற்றுச்சீட்டும் செய்திகளும் அதற்குச் சான்றாக உதவும். அவற்றை அழிக்க வேண்டாம்.

ஆனால் "தன் பங்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாலு பரப்பு இன்னும் பிரிக்கப்படாமல், நீங்களும் கூட்டுச் சொந்தக்காரராக இருக்கிறீர்களா? தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு) உட்பட்டவர்கள் என்றால் 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் உங்களுக்கு வேறொரு உரிமையைத் தருகிறது. பிரிக்கப்படாத பங்கை வெளியாருக்கு விற்க முன் கூட்டுச் சொந்தக்காரருக்கும் உரித்தாளிகளாக வரக்கூடியவர்களுக்கும் அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் எழுதிவிட்டால் நீதிமன்றத்தில் கேட்கலாம். வட்ஸ்அப் பேச்சுக்கும் இந்த உரிமைக்கும் சம்பந்தமில்லை, அவர் மனம் மாறினாலும் அது மாறாது. வெளி ஆள் கொடுக்கும் விலையை நீங்களும் கொடுக்க வேண்டும் என்பதுதான் பாரம். காணி உறுதியையும் (பத்திரத்தையும்) காணிப் பதிவகத்தின் பதிவுப் பக்கத்தையும் பார்த்துப் பங்கு பிரிந்ததா என்று முதலில் உறுதிசெய்யுங்கள்.

பிறகு, வாங்கத் தயார் என்று தமையனுக்கும், தெரிந்தால் அந்த வெளி ஆளுக்கும் சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் எழுதுங்கள். கனடாவுக்கு நாள் எடுக்கும் என்பதால் அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். தமையன் மனம் மாறி உங்களுக்கே எழுதச் சம்மதித்தால், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் முன் அற்றோர்னித் தத்துவம் முடித்து மூலப் பிரதியை அனுப்பச் சொல்லுங்கள். உறுதி முடிந்த அன்றே பதிவுக்குக் கொடுங்கள். நொத்தாரிசு அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்பும் இரட்டைப் பிரதியையும் உறுதியைப் பதிவதையும் ஒன்றென்று எண்ண வேண்டாம். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒரே காணிக்கு இரண்டு உறுதி வந்து மோதினால், மோசடியில்லாமல் விலைகொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவருக்கே முதலிடம், முந்திக் கையெழுத்திட்டவருக்கு அல்ல.